முப்பத்து மூன்று எண்ணும் வரை

ஒரு வார்டு முழுக்க நாற்பத்து மூன்று நிமிடம் யாருக்கும் எதுவும் வேண்டாமல் இருந்திருக்குமா? ஒரு வாய் தண்ணீர்கூடவா? அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டாமா?

கெசியா இந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடக்கூடும். இன்று புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு, மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில், இப்போது சர்வர் அறை என்று கதவில் காகிதம் ஒட்டியிருக்கும் அதே அறையில், அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபினாயில் வாடையும் ஈரத் துணி வாடையும் சுவரை விட்டுப் போகவே இல்லை. வெளியே ஜூலை மழை. ஃபாத்திமா நகர் சிக்னலில் ரிக்‌ஷாக்களின் ஹார்ன் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலத் தேய்ந்து கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

ஏ.சி. குழாயாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் சொட்டுகிற சத்தத்தில் ஈரம் இருக்க வேண்டும். இது உலர்ந்த சத்தம். நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து நின்றுவிடும். மூச்சு வாங்கிக்கொள்வதுபோல ஓர் இடைவெளி. மறுபடி தொடங்கும். அவள் எண்ணவில்லை. ஆனால் அவள் தலைக்குள் ஏதோ ஒன்று அவளைக் கேட்காமலேயே எண்ணிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது பதினோராம் அறை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதில் யாரையும் சேர்க்கவில்லை. மேல்சுவரில் நீர்க்கசிவு, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிப் பூட்டியிருக்கிறார்கள்.

மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கெசியாவுக்கு அது சின்ன வேலை. சர்வரின் கர்னலை மேம்படுத்த வேண்டும் என்று பாதுகாப்புத் தணிக்கையில் எழுதியிருந்தார்கள். கர்னல் என்பது கணினியின் அடித்தளம். மேலே ஓடும் மென்பொருளுக்கும் கீழே செருகியிருக்கும் கருவிகளுக்கும் நடுவில் நின்று பேசுவது அதுதான். கர்னல் மாறினால், அதோடு பேசத் தெரிந்த டிரைவரையும் புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். இந்த வார்டில் அறைக்கு ஒன்றாக இருபத்து நான்கு படுக்கை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெல் சுவிட்ச். நோயாளி அழுத்தினால் அது சுவரிலுள்ள பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து சர்வருக்கு வந்து, நர்சுகளின் மேசைத் திரையில் சிவப்பாக எரியும். அந்தப் பெட்டியின் டிரைவரை எழுதிய, பிம்ப்ரியில் இருந்த கம்பெனியை மூடி ஆறு வருடம் ஆகிறது. டிரைவர் தானாகவே புதிதாகிக்கொள்ளும் என்று கெசியா நம்பியிருந்தாள். ஆகவில்லை. பழைய கர்னலுக்குத் திரும்பவும் வழியில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லையென்று முந்தின வாரம் அவளே அதை அழித்திருந்தாள்.

இதையெல்லாம்கூட யாராவது மன்னிக்கலாம். அவளால் மன்னிக்க முடியாதது ஒன்று இருந்தது. ஞாயிறு மதியம் இரண்டு பத்துக்கு சர்வர் எழுந்ததும் அவள் வார்டுத் திரையைப் பார்த்தாள். இருபத்து நான்கு கட்டமும் பச்சை. அழைப்பு இல்லையென்றால் பச்சை. கேட்கிற காதே அறுந்துபோயிருந்தாலும் அழைப்பு இல்லைதான், அதுவும் பச்சைதான். ஒரே ஒரு படுக்கைக்குப் போய், ஒரே ஒரு சுவிட்சை அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் மாற்றம் சரியாக முடிந்தது என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே இறங்கி, மழைக்கு ஒதுங்கி நின்று வடா பாவ் தின்றாள். பச்சை மிளகாயைக் கடித்தது நினைவிருக்கிறது. அந்தக் காரம் இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு மாத்திரை கொடுக்கப் போன நர்ஸ்தான் பதினோராம் அறையில் ஹாஜிரா அம்மாள் இறந்து கிடப்பதைப் பார்த்தாள்.

*

அதற்கு முந்தின நாள் கெசியாதான் அந்த அறையின் சுவிட்சை மாற்றிக் கொடுத்தாள். உள்ளே போனதும் அந்த அம்மாள், யாரென்று இந்தியில், "கோன்?" என்று கேட்டாள். பாதியில் நின்ற அந்த ஒரு சொல்லிலேயே ஊர் தெரிந்துவிட்டது.

"தமிழா பெரியம்மா?"

"அடி என் செல்லமே, நீ தமிழா! மூணு நாளா வாய் பூட்டிக் கெடக்கேன்ளா. இவளுவ மராத்தில கேக்காளுவ, நான் தலையத் தலைய ஆட்டுதேன். என்னத்துக்கு ஆட்டினேனோ, ரெண்டு ஊசி கூடுதலா போட்டுட்டுப் போயிட்டா."

கெசியாவின் அப்பா வழி பாளையங்கோட்டை. ஹாஜிரா மேலப்பாளையம். நடுவில் ஒரு வாய்க்கால்தான் என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தாள். கேம்ப் பகுதியில் பை கடை வைத்திருக்கும் மகன் லியாகத் அலியோடு இருக்க வந்து இரண்டு வருடம். இதயம் பலவீனம். கையில் ஓதி எண்ணுகிற கறுப்புத் தஸ்பீஹ் மணிமாலை.

கெசியா புது சுவிட்சை அவள் கையில் வைத்து, அந்தக் கையை மூடிப் பிடித்தாள். வெள்ளையாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், உச்சியில் சிவப்புப் பொத்தான்.

"இத அழுத்துங்க. யாராச்சும் வருவாங்க."

"ஒரு தடவ அழுத்தி வரலேன்னா?"

"இன்னொரு தடவ அழுத்துங்க."

"சும்மா சும்மா அழுத்துனா அவளுவளுக்கு எரிச்சல் வரும்லா. நான் ஒண்ணு செய்யுதேன். ஒரு தடவ அழுத்திட்டு மணிய முப்பத்து மூணு உருட்டுவேன். அதுக்குள்ள வந்தா சரி. வரலேன்னா அடுத்தது." பிறகு தலையைச் சாய்த்து, விளையாட்டாகக் கேட்டாள். "யாரும் வரலேன்னா நீ வருவியா?"

"வருவேன் பெரியம்மா."

எவ்வளவு எளிதாகச் சொன்னாள். பேச்சுக்குச் சொல்வதுபோல.

*

கதவு திறந்தது. கெசியா திடுக்கிட்டுத் திரும்பினாள். வார்டுப் பொறுப்பாளர் ஹெலினா சிஸ்டர், இரண்டு கிளாஸில் சாய். எப்போதும்போல மராத்தியில்தான் பேச்சு.

"பயந்துட்டியா? பேய் மாதிரியா இருக்கேன்?" ஒரு கிளாஸைப் பக்கத்து மேசையில் வைத்தாள். "எப்ப சரியாகும் உன் மெஷின்? எல்லாப் படுக்கைக்கும் கைமணி கொடுத்திருக்கோம். நேத்துலருந்து ஆறாம் நம்பர் தாத்தா ஆரத்தி எடுக்குற மாதிரி ஆட்டிட்டே இருக்காரு. ஆயா வேலை பார்க்குற மாவுஷிங்க எல்லாம் ஓடிப் போயிடுவோம்னு சொல்றாளுங்க."

"முடிஞ்சிடும் சிஸ்டர். புது கர்னல்ல ஒரு ஃபங்ஷனையே எடுத்துட்டாங்க. டிரைவர் அதத் தேடிட்டு இருந்திருக்கு. மாத்தி எழுதிட்டேன்."

ஹெலினா போகவில்லை. மேசையில் கிடந்த வெள்ளை சுவிட்சைப் பார்த்தாள். அது பதினோராம் அறையுடையது. சோதித்துப் பார்க்கவென்று திங்கட்கிழமை காலையே கெசியா அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

"அன்னிக்கு என்ன அமைதி தெரியுமா," என்றாள் ஹெலினா, சாயைக் குடிக்காமல். "நாங்க சிரிச்சோம். ஞாயித்துக்கிழமை, எல்லாருக்கும் நல்ல தூக்கம்னு நெனச்சோம். மத்தவங்களுக்குக் கூட ஆள் இருந்தாங்க, வெளிய வந்து கூப்பிட்டாங்க. இந்த அம்மாவோட மகன் தொழுகைக்குப் போயிருந்தாரு."

"தூக்கத்துலதான் போனாங்கன்னு டாக்டர்..."

"எழுதியிருக்காரு." ஹெலினா குரலைத் தாழ்த்தினாள். "தூங்குறவ கையில சுவிட்ச் எதுக்கு கெசியா? கட்டைவிரல நான்தான் பிரிச்சு எடுத்தேன். ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியதாப் போச்சு."

அவள் போன பிறகும் கெசியாவால் சாயைத் தொட முடியவில்லை. திங்கட்கிழமை லியாகத் அலி போன் செய்திருந்தார். கோபமே இல்லாத குரல். உம்மா ரொம்ப நேரம் கூப்பிட்டாங்களாம்மா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். நீங்க தமிழ், உங்ககிட்ட கேக்கலாம்னு தோணுச்சு. இல்லண்ணே, தூக்கத்துலதான், என்று அவள் சொல்லியிருந்தாள். தெரியாமல் சொன்னாள். தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட முடியும் என்ற நம்பிக்கையில் சொன்னாள். இன்று நான்கு மணிக்கு அவர் சிகிச்சைக் குறிப்புகளை வாங்க வருகிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றிருந்தது. இடைவெளி. பிறகு மறுபடியும்.

இந்த முறை வேண்டுமென்றே எண்ணினாள். பத்து. இருபது. மழை வலுத்து ஜன்னல் கண்ணாடியில் அறைந்தது. முப்பது. முப்பத்து ஒன்று, முப்பத்து இரண்டு, முப்பத்து மூன்று.

நின்றது.

குழாய்தான், என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

*

மூன்று இருபதுக்கு டிரைவர் பிழையில்லாமல் கட்டி முடிந்தது. வேறொரு நாளாக இருந்தால் நாற்காலியில் சுற்றியிருப்பாள். இப்போது என்டர் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் கையேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது. கேட்க ஆளில்லாதபோது வருகிற அழைப்புகளைப் பெட்டி தன்னிடமே சேர்த்து வைத்திருக்கும். ஆள் வந்ததும் வரிசையாகக் கொடுத்துவிடும்.

பெட்டியின் பேட்டரி செத்திருக்க வேண்டும். பதினைந்து வருடப் பழைய பெட்டி. செத்துத்தான் இருக்கும். கர்த்தரே, செத்திருக்கட்டும்.

அழுத்தினாள்.

வரிகள் ஏறத் தொடங்கின. ஞாயிறு, இரண்டு பன்னிரண்டு, நான்காம் படுக்கை. இரண்டு பதினான்கு, பதினோராம் படுக்கை. ஆறு. பத்தொன்பது. பதினொன்று. பதினொன்று. பதினொன்று. மற்ற எண்கள் ஒன்றிரண்டு முறை வந்துவிட்டு மறைந்தன. அவர்களுடைய ஆட்கள் வெளியே வந்து குரல் கொடுத்திருப்பார்கள். பதினொன்று மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாற்பது விநாடி. முப்பத்து மூன்று மணி உருட்ட ஆகிற நேரம். யாருக்கும் எரிச்சல் வந்துவிடக் கூடாதென்று, நெஞ்சு அடைக்கிறபோதும், எண்ணி எண்ணிக் காத்திருந்து அழுத்தியிருக்கிறாள்.

கெசியா கையால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு இருபத்தைந்திலிருந்து இடைவெளி நீண்டது. ஐம்பது விநாடி. ஒரு நிமிடம். ஒன்றரை. மணி விரலிலிருந்து நழுவியிருக்கும். மறுபடி தேடி எடுத்திருப்பாள். இரண்டு முப்பத்தொன்றுக்கு ஒரே ஒரு நீண்ட அழுத்தல். இருபது விநாடி விடாமல்.

அதுதான் கடைசி. அவளுக்குத் தெரிந்தது. எப்படியென்று தெரியாமல் தெரிந்தது.

வரிகள் நிற்கவில்லை.

இரண்டு முப்பத்து இரண்டு, பதினோராம் படுக்கை. நாற்பது விநாடி. பதினொன்று. நாற்பது விநாடி. இப்போது ஒரு விநாடிகூட முன்பின் இல்லை. களைப்பில்லாத விரல். மூச்சுத் திணறாத விரல். இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு நர்ஸ் உள்ளே போனாள். பதினொன்று. மூன்றரைக்கு ஹெலினா கட்டைவிரலைப் பிரித்தாள். பதினொன்று. மாலை உடலைக் கொண்டுபோனார்கள். அறையைக் கழுவினார்கள். பதினொன்று, பதினொன்று. திங்கள் காலை. அவள் அந்த சுவிட்சைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்தாள்.

பதினொன்று.

செவ்வாய் முழுவதும்.

இன்று காலை.

வரிகள் வேகமாக ஏறி ஏறி, சட்டென்று நின்றன. சேமிப்பு தீர்ந்துவிட்டது. திரையின் அடியில் கடிகாரம் மூன்று முப்பத்தாறு காட்டியது. சுவருக்கு அப்பால் உலர்ந்த சத்தம். இருபத்தொன்பது. முப்பது.

அவள் திரும்பி மேசையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

முப்பத்து மூன்று.

திரையில் ஒரு புது வரி. மூன்று முப்பத்தாறு. பதினோராம் படுக்கை.

*

"சல் ரஹா ஹை க்யா?" நிர்வாக மேலாளர் கௌஷிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையில் மழைத்துளி. இந்த ஊர் ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ், அம்மா திட்டுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ் என்று அவரே சொல்வார். "எல்லாம் ஆன் ஆயிடுச்சா? ஷாபாஷ்."

பிறகு திரையைப் பார்த்தார். அவர் விரல் வரிகளின் மேல் ஞாயிறுவரை ஊர்ந்து போவதைக் கெசியா பார்த்தாள்.

"இது என்ன?"

"கூப்பிட்டது சார். அந்த அம்மா."

"அரே, மூணு நாளாவா? இறந்தவங்களா கூப்பிடுவாங்க? கேபிள் ஷார்ட்." சிரிக்கப் பார்த்தார். "ஈரச் சுவர், பாபா. குப்பை டேட்டா."

"கேபிள் இங்க இருக்கு சார். சுவர்ல எதுவுமே இல்ல."

அவர் மேசையைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். குரல் மென்மையானது.

"தேக், இங்க பாரு கெசியா. அந்த மகன் வந்துட்டார். கீழ ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கார். வார்டு பேப்பர் எல்லாம் கேக்குறார். சேஞ்ச் ஃபார்ம்ல கையெழுத்து யாரோடது? என்னோடது இல்ல. நான் உனக்காகச் சொல்றேன். இது குப்பைதானே, குப்பையைப் பெருக்கிடு. தூக்கத்துல போனாங்கன்னு அவருக்கும் ஒரு நிம்மதி. உனக்கும்."

நிம்மதி. மூன்று நாளாக அவள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.

திரையின் நடுவில் கேள்விக் கட்டம் ஒன்று எழுந்தது. கவனிக்கப்படாத அழைப்பு வந்தால் மென்பொருள் எப்போதும் கேட்கிற கேள்விதான். பதினோராம் படுக்கை. கவனித்தாகிவிட்டதா? ஆம். இல்லை.

"பாரு, அதுவே கேக்குது," என்றார் கௌஷிக். "ஆம்னு கொடு. எல்லாம் மூடிக்கும். அப்புறம் ஞாயித்துக்கிழமையை அழிச்சிடு. அஞ்சு நிமிஷ வேலை."

சத்தம் தொடங்கியது. ஆனால் சுவருக்கு அப்பால் இல்லை.

அறைக்குள்.

காலியாக இருந்த இன்னொரு நாற்காலியின் பக்கம். ஒன்று. இரண்டு. மணியோடு மணி மோதுகிற சின்னச் சத்தம். அத்தர் வாசனை. மருந்து வாசனை. கௌஷிக்குக் கேட்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து. பதினைந்து.

"சீக்கிரம், கெசியா."

யாரும் வரலேன்னா நீ வருவியா?

இருபத்தைந்து.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். முதல்முறையாகத் திரும்பி மேசையைப் பார்த்தாள். ஆறிப்போன சாய். சுருட்டிய வயர். அதன் நுனியில் எதோடும் சேராத செப்புக் கம்பி. வெள்ளை சுவிட்ச்.

முப்பத்து மூன்று.

சிவப்புப் பொத்தான் மெதுவாக உள்ளே அமிழ்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மேலே வந்தது.

"என்ன பார்க்குறே? ஆம்னு அழுத்து."

"யாரும் இன்னும் போய்ப் பார்க்கல சார்," என்றாள். "லியாகத் அண்ணனை மேல வரச் சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? உன் வேலை போயிடும். கேஸ் ஆகும். ஆம்னு அழுத்து, கெசியா!"

அவள் கை நீண்டது. விசைப்பலகைக்கு அல்ல. சனிக்கிழமை அந்த அம்மாளின் கையை மூடிப் பிடித்ததுபோலவே, சுவிட்சை உள்ளங்கையால் பொத்தினாள்.

"மாட்டேன் சார்," என்றாள் மெல்ல.

அவள் உள்ளங்கைக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் இருந்தது. குளிர்ந்து, விறைத்து, அழுத்திக்கொண்டு.